பேக்கேஜ் இல்லாமல் காசிக்குப் போனால்

காசிக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்தால், அடுத்த கேள்வி 'எந்த டூரில்?' என்பதுதான். நாமே டிக்கெட் எடுத்து, நாமே ரூம் பார்த்துப் போய்வரலாமே என்று யாராவது சொன்னால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். இந்தி தெரியாது, ஏமாற்றிவிடுவார்கள், சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, எப்படிக் கணக்குப் போட்டாலும் டூர்க்காரர் சொல்லும் தொகைக்கு நம்மால் போய்வர முடியாது. இவை முழுப் பொய் இல்லை. ஆனால் சொந்தமாகப் போகிறவர்களின் பயணம் கெடுவது பெரும்பாலும் வேறு காரணங்களால். ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்கும் என்று பார்க்காமல் டிக்கெட் எடுத்திருப்பார்கள். பனிமூட்டம் கவிழும் வாரத்தில் கிளம்பியிருப்பார்கள். விடியற்காலை 5 மணிக்குப் போய் இறங்கி, மதியம் வரை ஹோட்டல் வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். இதற்கெல்லாம் யாரும் முன்கூட்டிப் பயப்படுவதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். டூர்க்காரர் இல்லாமல் போவது வேறு, ஒற்றை ஆளாகப் போவது வேறு. 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பினார் ஏனுகுல வீராசாமி. அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். குடும்பத்தார், பல்லக்குத் தூக்குபவர்கள், வேலையாட்கள் என்று பெருங்கூட்டமே அவரோடு போனது. திரும்பி வர 15 மாதங்களுக்கு மேல் ஆயிற்று. எந்த வழியில் போவது, எந்த ஊரில் எத்தனை நாள் தங்குவது என்பதை எல்லாம் அவரே முடிவு செய்தார். இன்றைய பேச்சில் அதுவும் சொந்தப் பயணம்தான். பாட்டி, பேரன் சகிதம் எட்டுப் பேர் போனாலும், முடிவு உங்கள் கையில் இருந்தால் அந்த வகையில்தான் சேரும்.

சரி, பணத்துக்கு வருவோம்.

டூர் நோட்டீஸில் ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை போட்டிருக்கும். ரயில் டிக்கெட், தங்குமிடம், வண்டி, சாப்பாடு, கூட வருகிறவரின் சம்பளம், நடத்துபவரின் லாபம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மொத்தமாக எடுப்பதால் டூர்க்காரருக்கு எல்லாமே சல்லிசாகக் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ரூமிலும் பஸ்ஸிலும் அது உண்மை. ரயிலில் உண்மை இல்லை. ஒரே வண்டியில் நாற்பது பேருக்கு எடுத்தாலும் தலைக்கு ஆகும் கட்டணம் நீங்கள் போனில் எடுக்கும் அதே கட்டணம்தான். மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டதால், அதை டூர்க்காரராலும் வாங்கித்தர முடியாது.

மலிவா இல்லையா என்பதை முடிவு செய்வது ஆள் எண்ணிக்கை. ஹோட்டல் ரூமும் வாடகைக் காரும் தலைக்கு இத்தனை என்று வாங்குவதில்லை. நான்கு பேர் இரண்டு ரூம் எடுத்து ஒரு காரில் சுற்றினால் செலவு நாலாகப் பிரிந்துவிடும். அந்தக் குடும்பத்துக்குச் சொந்தப் பயணம் பெரும்பாலும் மலிவாகவே முடியும். ஒரே ஆள் போனால் ரூம் வாடகை முழுவதும் அவர் தலையில். அவருக்கு டூர் லாபமாக இருக்கலாம். அப்போதும் நோட்டீஸைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தொகை இரண்டு மூன்று பேர் ஒரு ரூமில் தங்குவதாக வைத்துப் போட்டது. தனி ரூம் கேட்டால் தொகை ஏறும்.

நோட்டீஸின் கடைசி வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. 'குறிப்பிட்ட ஹோட்டல் அல்லது அதற்கு நிகரானது' என்று இருக்கும். நிகரானது எது என்பதை அவர்தான் முடிவு செய்வார். நுழைவுக் கட்டணம் தனி, படகு தனி, உள்ளூர் ஆட்டோ தனி. காசியில் இந்தக் கடைசி 'தனி' சின்னத் தொகை இல்லை. ஊரின் நடுவில் இருக்கும் கோதோலியா சந்திப்பிலிருந்து படித்துறைப் பக்கம் போகும் தெருக்களில் பகலில் வண்டிகளை விடுவதில்லை. பெரிய பஸ் ஊருக்கு வெளியேதான் நிற்கும். அங்கிருந்து ஆட்டோ பிடித்து, அப்புறம் நடந்து, தினமும் போய்வர வேண்டும். டூரில் வந்தவருக்கும் சொந்தமாக வந்தவருக்கும் இதில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

டூர் தொகையில் கொடுத்த காசுக்குக் குறைவில்லாத பொருள் ஒன்று உண்டு என்றால் அது சமையல்காரர். தமிழ்நாட்டிலிருந்து வடக்கே போகும் யாத்திரைக் குழுக்கள் பாத்திரம், அரிசி, மசாலா சாமான்களோடு ஆளையும் கூட்டிப் போவார்கள். மூன்று வேளையும் ரசம் சாதம் வேண்டும், வெங்காயம் பூண்டு கூடாது, நேரத்துக்கு மாத்திரை போட வேண்டும் என்று இருப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. மற்றவர்களுக்குக் காசியில் சாப்பாடு ஒரு பிரச்சினையே இல்லை. அனுமன் காட், கேதார் காட் (காட் என்றால் படித்துறை) பக்கம் இட்லி தோசைக் கடைகள் இருக்கின்றன. காலையில் சுடச்சுடக் கிடைக்கும் பூரி கிழங்கை வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

டூர் நடத்துகிறவர் என்றால் அரசாங்கம் பார்த்து அங்கீகாரம் கொடுத்திருக்கும் என்பது இன்னொரு நினைப்பு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் விருப்பப்பட்டவர்கள் விண்ணப்பித்து வாங்கிக்கொள்வது. அது இல்லாமலே தொழில் நடத்தலாம். நல்லவர்கள் நிறையப் பேர் அப்படி நடத்துகிறார்கள், பாதி வழியில் கைவிட்டுப் போனவர்களும் உண்டு. ரசீதில் என்னென்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் பேசும். வாய்ப் பேச்சு பேசாது.

டிக்கெட் யார் கையில்?

'ஏஜென்டிடம் கொடுத்தால் எப்படியாவது கன்ஃபர்ம் பண்ணித் தந்துவிடுவார்' என்பது பழைய காலத்து நம்பிக்கை. அதற்குக் கொஞ்சம் அடிப்படையும் இருந்தது. இப்போது விதிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டன. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. 2025 ஜூலை முதல், ஆதாரைச் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஐ.ஆர்.சி.டி.சி.யில் தட்கல் எடுக்க முடியும். ஏ.சி. வகுப்புகளுக்கு காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தட்கல் திறக்கிறது. திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகள் எடுக்கவே கூடாது. காசி மாதிரி ஊருக்கு அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ஆதார் இணைத்த கணக்கை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏஜென்டைவிட வாய்ப்பு அதிகம்.

தட்கலில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. பயணத்துக்கு ஒரு நாள் முன்பு அது திறக்கும் என்றால், அந்த ஒரு நாள் வண்டி புறப்படும் ஊரின் தேதியிலிருந்து கணக்கு. கன்னியாகுமரியில் இரவு கிளம்பி மறுநாள் சென்னைக்கு வரும் வண்டியில் சென்னையில் ஏறுகிறவர், தன் பயணத் தேதிக்கு முந்தின நாள் தட்கல் பார்த்தால் அது நேற்றே திறந்து முடிந்திருக்கும்.

காத்திருப்போர் பட்டியலும் எல்லாம் ஒன்றில்லை. வண்டி கிளம்பும் ஊரிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் ஜி.என்.டபிள்யூ.எல். என்ற பொதுப் பட்டியலில் வரும். நடுவழி ஊரிலிருந்து எடுத்தால் ஆர்.எல்.டபிள்யூ.எல். அல்லது பி.கியூ.டபிள்யூ.எல். என்று வரும். இந்த இரண்டிலும் ஒதுக்கீடே குறைவு என்பதால் எண் 10 என்று இருந்தாலும் நகராமல் நின்றுவிடும். பொதுப் பட்டியலில் அதைவிடப் பெரிய எண் எளிதாக உறுதியாகும். திரும்பி வரும் டிக்கெட்டில்தான் இது ஆளைக் கவிழ்க்கும். பீகாரிலிருந்து கிளம்பி வாராணசி வழியாக வரும் வண்டியைவிட, பனாரஸிலிருந்தே கிளம்பும் வண்டிக்கு முதலில் முயற்சி செய்வது நல்லது. ராமேஸ்வரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் அங்கிருந்து நேர் வண்டிகள் உண்டு. கன்னியாகுமரி வண்டி 2023 டிசம்பரில் காசி தமிழ்ச் சங்கமத்தை ஒட்டித் தொடங்கியது. வாரம் ஒரு முறைதான். அதனால் பயணத் தேதியை முடிவு செய்துவிட்டு வண்டி தேடுவதைவிட, வண்டி ஓடும் கிழமையைப் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பது புத்திசாலித்தனம்.

வயதானவர்களுக்குக் கீழ்ப் படுக்கை தானாகவே கிடைக்கும் என்று நினைத்து, குடும்பம் முழுவதற்கும் ஒரே டிக்கெட்டாக எடுப்பவர்கள் நிறைய. 60 வயதான ஆண், 45 வயதான பெண் ஆகியோருக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அவர் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவரோடு இரண்டு பேராகவோ ஒரு டிக்கெட்டில் போனால்தான் அந்த ஒதுக்கீடு. மகன், மருமகள், பேரனோடு ஒரே டிக்கெட்டில் போட்டால் அம்மாவுக்கு மேல் படுக்கை வந்து விழுந்தாலும் ஆச்சரியமில்லை. அம்மா அப்பாவுக்குத் தனி டிக்கெட்டாக எடுத்தால் பக்கத்துப் பெட்டியில் இடம் விழக்கூடும். ஆனால் முட்டி வலிக்கு அதுதான் மேல்.

அப்புறம் ஸ்டேஷன். காசிக்குப் போவதற்கு என்று தேடினால் வாராணசி ஜங்ஷன், பனாரஸ், வாராணசி சிட்டி, காசி என்று நான்கு பெயர் வரும். 2021 வரை மண்டுவாடி என்று இருந்ததுதான் இப்போதைய பனாரஸ். தெற்கிலிருந்து போகும் சில வண்டிகள் ஊருக்குள் வராமல், பதினாறு பதினேழு கிலோமீட்டர் தள்ளி கங்கைக்கு அக்கரையில் பண்டிட் தீனதயாள் உபாத்யாயா ஜங்ஷனில் நிற்கும். முகல்சராய் என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும். 2018-ல் பெயர் மாறியது. இப்போது பிரயாக்ராஜ் ஆகிவிட்ட அலகாபாத்திலும் இதே கதை. சங்கமித்ரா மாதிரி வண்டிகள் பிரயாக்ராஜ் ஜங்ஷனுக்குப் போகாமல், யமுனைக்கு இந்தப் பக்கம் சியோகியில் நிற்கும். ஜங்ஷன் பக்கத்தில் ரூம் போட்டுவிட்டு இரவு 11 மணிக்குச் சியோகியில் இறங்கினால் ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை. அவர் ஏமாற்றிவிட்டார் என்று ஊருக்கு வந்து சொல்வோம். டிக்கெட்டில் ஸ்டேஷன் பெயரை நாம் படிக்கவில்லை என்பது கதையில் வராது.

பனி

தமிழ்நாட்டில் அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசி வாரத்தில் வருகிறது. பிள்ளைகளோடு வடக்கே போக வேறு நீண்ட விடுமுறை கோடையில்தான், அப்போது காசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும். ஆகவே எல்லாரும் டிசம்பரைப் பிடித்துக்கொள்கிறார்கள். கங்கைச் சமவெளியில் அடர்ந்த பனிமூட்டம் படியும் காலமும் அதேதான்: டிசம்பர் பிற்பாதி தொடங்கி ஜனவரி வரை. ரயில்கள் ஆறு, எட்டு, பன்னிரண்டு மணி நேரம் தாமதமாவது அப்போது செய்தியே இல்லை. பனிக்காலத்துக்கென்றே சில வண்டிகளை ரயில்வே முன்னதாக அறிவித்து நிறுத்திவைக்கிறது. பாபத்பூர் விமான நிலையத்திலும் காலை விமானங்கள் தள்ளிப்போகும்.

டூரில் போனவருக்கும் இதே பனிதான். வித்தியாசம், வண்டி எட்டு மணி நேரம் தாமதமானால் அடுத்த ரூமையும் பஸ்ஸையும் மாற்றுவது டூர்க்காரரின் தலைவலி. சொந்தமாகப் போகிறவருக்கு அது தன் தலைவலி. டூர் தொகையில் பாதுகாப்பு என்று எதையாவது விற்கிறார்கள் என்றால் அது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. திருட்டிலிருந்தோ விபத்திலிருந்தோ அவர் நம்மைக் காப்பாற்றப்போவதில்லை. திட்டம் சிதறும்போது மாற்று ஏற்பாடு செய்து, அதற்காகத் திட்டும் வாங்கிக்கொள்வார்.

இந்தத் தலைவலியைக் குறைக்க ரயில்வே விதிகளிலேயே வழி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் செய்யாமல் டி.டி.ஆர். என்னும் மனுவைப் போட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். வண்டி உண்மையில் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஒரு வண்டியில் இறங்கி இன்னொன்றைப் பிடிப்பதாக இருந்தால், இரண்டு பி.என்.ஆர். எண்களையும் இணைத்து வைக்கும் வசதி 2019 ஏப்ரல் முதல் உண்டு. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதை விட்டுவிட்டால், அந்த இரண்டாவது டிக்கெட்டின் பணம் ரத்துக் கட்டணப் பிடித்தம் இல்லாமல் திரும்பும். இரண்டு டிக்கெட்டிலும் பயணிகளின் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவாகக் கட்டுகிறோமே, அந்த இன்ஷூரன்ஸ் இதற்கு உதவாது. அது ரயில் விபத்தில் உயிரிழப்பு, காயம் போன்றவற்றுக்கு. வண்டியை விட்டதற்கு அல்ல.

விதி இருந்தாலும், பனிக்காலத்தில் ஒரே நாளில் இரண்டு ரயில் மாறும் திட்டம் போடாமல் இருப்பது மேல். காசி, பிரயாகை, கயா, அயோத்தி நான்கையும் நான்கே நாளில் முடிக்கும் அட்டவணை அக்டோபரில் ஓடும், ஜனவரியில் ஓடாது. அக்டோபர் பிற்பாதி, நவம்பர், பிப்ரவரி, மார்ச் மாதங்கள் எல்லா வகையிலும் நல்லவை. அவற்றிலும் இரண்டு தேதிகளில் கவனம் வேண்டும். தீபாவளியை ஒட்டிச் சில நாட்கள் மட்டும் தங்க அன்னபூரணியைத் தரிசிக்கலாம் என்பதால் தெற்கிலிருந்து கூட்டம் அள்ளும். தீபாவளிக்கு அடுத்து வரும் பௌர்ணமியன்று தேவ் தீபாவளி. படித்துறை முழுவதும் விளக்கு, ரூம் வாடகை பல மடங்கு. ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கையில் வெள்ளம் ஏறினால் படித்துறைகள் முழுகிப் படகுகளை நிறுத்திவிடுவார்கள், ஆரத்தியை மேலே நகர்த்துவார்கள்.

ரூம் விஷயத்தில் ஒரு சின்னச் சங்கதி. நம் ஊர் லாட்ஜ்களில் பல இடங்களில் 24 மணி நேரக் கணக்கு. காலை 5 மணிக்கு நுழைந்தால் மறுநாள் காலை 5 மணி வரை. வடக்கே பெரும்பாலும் மதியம் 12 மணிக்கு உள்ளே, காலை 10 அல்லது 11 மணிக்கு வெளியே. ராத்திரி வண்டியில் வந்து விடியலில் இறங்குகிறவர் முந்தின இரவுக்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டும், அல்லது ஸ்டேஷனிலேயே ரிட்டையரிங் ரூம் பார்க்க வேண்டும். உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி.யோ இருந்தால் அந்த பி.என்.ஆரை வைத்து முன்பதிவு செய்யலாம். க்ளோக் ரூமில் பெட்டியை வைத்துவிட்டுப் படித்துறைக்குப் போகலாம் என்றால் பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். ஒரு சின்னப் பூட்டு கொண்டுபோங்கள்.

மொழியும் ஏமாற்றும்

இந்தி தெரியாததால் காசியில் தொலைந்துபோனவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அந்த ஊர் தெற்கத்தியர்களுக்குப் பழகிய ஊர். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம் கேதார் காட்டில் இருக்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 1863-லிருந்து இருக்கிறது; விசுவநாதருக்குப் பூசைப் பொருள்கள் அங்கிருந்து தினமும் போகின்றன. பாரதி இளம்வயதில் தங்கியிருந்த வீடு அனுமன் காட்டில். அந்தப் பக்கத்துப் படகுக்காரர்கள், பூக்கடைக்காரர்கள் பலர் தமிழிலும் தெலுங்கிலும் பேரம் பேசுவார்கள். 'வாங்க, ரூம் வேணுமா' என்று ஸ்டேஷன் வாசலிலேயே தமிழில் ஒரு குரல் கேட்கும். அப்போது உருகிவிடக் கூடாது. தமிழ் பேசுகிறவர் எல்லாம் நம்மவர் இல்லை, கமிஷனுக்கு மொழி கிடையாது.

மொழி உண்மையிலேயே இடறும் இடம் எண்களில் இருக்கிறது. ஒன்று முதல் பத்து வரை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்களை 'டேட் சௌ', 'டாய் சௌ' கவிழ்த்துவிடும். முதலாவது 150, இரண்டாவது 250. 'சாடே தீன் சௌ' என்றால் 350. தீன் என்பது மட்டும் காதில் விழுந்து முந்நூறை நீட்டினால் அங்கே சண்டை. போனில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொன்னால் தீர்ந்தது. ஹோட்டல் முகவரியை இந்தியில் எழுதி வைத்துக்கொள்வது இன்னொரு உபாயம். சந்துகளில் மேப் குழம்பும், கடைக்காரர் குழம்ப மாட்டார்.

ஏமாற்று வேலை நடப்பது மொழி தெரியாததால் மட்டும் அல்ல, அதன் அமைப்பே கமிஷன்தான். 'அந்த ஹோட்டல் மூடிவிட்டார்கள்' என்று சொல்லி வேறு ஹோட்டலுக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர், பட்டுச் சேலைக் கடைக்கு 'சும்மா பார்க்க' அழைக்கும் வழிகாட்டி, பிணம் எரிக்கும் மணிகர்ணிகா படித்துறையில் ஏழைகளின் சிதைக்கு விறகு வாங்கக் காசு கேட்கும் ஆள். விசுவநாதர் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பதால் லாக்கர் இலவசம் என்று கூப்பிட்டுப் பூசைத் தட்டை விற்கும் கடை. இந்த வரிசையில் சேலைக் கடைக்கு டூர் பஸ்ஸும் போய் நிற்கும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டவணையில் 'ஷாப்பிங்' என்று ஒரு மணி நேரம் போட்டிருந்தால் அது யாருக்காக என்று கேட்டுப் பார்க்கலாம். சொந்தமாகப் போகிறவர் 'நஹீ சாஹியே' (வேண்டாம்) என்று சொல்லிவிட்டு நடக்கலாம். பஸ்ஸில் வந்தவர் நாற்பது பேரும் ஏறும் வரை கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. இரவில் போய் இறங்காத வண்டி, முதல் இரவுக்கு உறுதியான ரூம், இருட்டிய பிறகு வெறிச்சோடிய படித்துறைகளைத் தவிர்ப்பது: இந்த மூன்றும் இருந்தால் காசி எந்தப் பெரிய ஊரையும்விட மோசமில்லை. நீண்ட தூர மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று 6 படுக்கைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். வயது வரம்பு இல்லை, தனியாகவும் போகலாம், பெண்கள் குழுவாகவும் போகலாம். பொது ஒதுக்கீட்டில் இடம் இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் இதைத் தேடிப் பார்ப்பதே இல்லை. ரயிலில் தொந்தரவு என்றால் 139.

வயதானவர்களுக்கு டூர்தான் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கூட இளையவர்கள் யாரும் வர முடியாத நிலை என்றால் டூர்தான் சரி, பேச்சே வேண்டாம். ஆனால் மகனோ மகளோ கூட வருகிறார்கள் என்றால் நிலைமை மாறுகிறது. டூர் அட்டவணை நாற்பது பேருக்குப் பொதுவானது. விடியற்காலை 4 மணிக்கு எழுப்பி, குளியல், தரிசனம், பஸ் என்று போகும். மதியம் இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும், இன்றைக்குக் கால் வீங்கியிருக்கிறது, நாளைக்குப் போகலாம் என்பதற்கு அதில் இடம் இல்லை. 2021 டிசம்பரில் விசுவநாதர் கோயில் வளாகத்தை விரிவாக்கித் திறந்த பிறகு கங்கைப் பக்கமிருந்து அகலமான வழி வந்துவிட்டது. பழைய சந்துகளில் நசுங்கிப் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். முன்பதிவு செய்யக்கூடிய கட்டண தரிசனமும் இருக்கிறது. மெதுவாகப் போனால் முதியவர்களுக்குக் காசி கஷ்டமான ஊர் இல்லை. படித்துறைப் படிகளில் ஏறி இறங்குவது ஒன்றுதான் பாடு.

சொந்தமாகப் போகிறவர்கள் பக்கமும் சில கட்டுக்கதைகள் உலவுகின்றன. திட்டமே இல்லாமல் கிளம்புவதுதான் உண்மையான பயணம் என்பது அதில் ஒன்று. அறுபது நாள் முன்பே படுக்கைகள் தீர்ந்துபோகும் தடத்தில் திட்டமில்லாமல் கிளம்பினால், ஏறக்குறைய ஒன்றரை நாள் முன்பதிவில்லாத பெட்டியில் நிற்பதுதான் அந்த உண்மையான பயணம். இதற்கு நேர் எதிராக, எல்லாவற்றையும் முன்கூட்டி ஆன்லைனில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று இன்னொரு கூட்டம். படகுக்கு வேண்டாம், ஆட்டோவுக்கு வேண்டாம், பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சார்நாத்துக்கும் வேண்டாம். சார்நாத்தில் பார்க்க வேண்டியது கிழமை. அசோகரின் சிங்கத் தூணின் தலைப்பகுதி இருக்கும் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். ஆக்ராவையும் சேர்த்துப் போகிறவர்களுக்குத் தாஜ்மகாலும் வெள்ளிக்கிழமை கிடையாது. நீண்ட தூர ரயில், முதல் இரவு ரூம், கூட்ட நாளில் தரிசனம் ஆகியவற்றுக்கு மட்டும் முன்பதிவு போதும்.

மூன்றாவது, எங்கேயும் சொந்தமாகப் போகலாம் என்பது. அப்படி இல்லை. வடசிக்கிமில் லாச்சென், லாச்சுங் பக்கம் போகப் பதிவு பெற்ற ஏஜென்சி வழியாகத்தான் அனுமதி கிடைக்கும். வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கைலாச மானசரோவர் யாத்திரையில் குழுவாகத்தான் போக முடியும். அருணாசலம், நாகாலாந்து, மிசோரம் போன்ற மாநிலங்களுக்கு வேண்டிய உள்நுழைவு அனுமதியைத் தனி ஆளே ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். இதற்கு ஏஜென்டுக்குப் பணம் கொடுப்பது அவரவர் சோம்பலின் விலை. சார்தாம் யாத்திரைப் பதிவும் அப்படித்தான்.

காசிப் பயணத்தில் பலருக்கு முக்கியமான பகுதி கயா சிராத்தம். இதற்கு டூர் வேண்டும் என்று நினைக்கிறார்கள். அனுமன் காட் பகுதியில் தமிழ் பேசும் சாஸ்திரிகள் தலைமுறைகளாக இதைச் செய்துவைக்கிறார்கள். பிரயாகை, காசி, கயா மூன்று இடத்துக்கும் சேர்த்து அவர்களே ஏற்பாடு செய்வார்கள். தங்க இடமும் சாப்பாடும் கொடுப்பவர்களும் உண்டு. ஊரிலிருந்தே போனில் பேசி, தட்சணை, சாமான், சாப்பாடு, கயாவுக்கு வண்டி இவற்றில் எது எது சொன்ன தொகையில் அடக்கம், கயாவில் வேறு யாருக்காவது தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டால் அங்கே போய் முகம் சுளிக்க வேண்டியிருக்காது. மகாளய பட்சத்தில் போவதாக இருந்தால் இந்தப் போனை அறுபது நாள் கணக்குக்கும் முன்பே போட வேண்டும். அந்தப் பதினைந்து நாளில் கயாவில் ரூம் கிடைப்பது ரயிலில் இடம் கிடைப்பதைவிடக் கடினம்.